இரு நடிகையரும் ஒரு துளி இரத்தமும்

ஹொலிவூட் வரலாற்றில் 1934ஆம், 1935ஆம் ஆண்டுகளை அருகருகே வைத்துப் பார்ப்பது என் வழக்கம். 1934இல், வெள்ளை நிறத் தோற்றம் கொண்ட ஒரு கறுப்பினப் பெண் தன் கறுப்புத் தாயை மறுதலிப்பதாக ஒரு திரைப்படம் வந்தது. அந்தப் பாத்திரத்தில் நடித்த ஃபிரெடி வாஷிங்டன் உண்மை வாழ்க்கையில் தன் இனத்தை ஒருநாளும் மறைக்காதவர். அடுத்த ஆண்டில் மேர்ள் ஓபரோன் என்ற நடிகை ‘த டார்க் ஏஞ்சல்’ படத்தில் ஆங்கிலச் சீமாட்டியாக நடித்தார். அந்நடிப்பு அவருக்குச் சிறந்த நடிகைக்கான ஒஸ்கார் பரிந்துரையைப் பெற்றுத் தந்தது. அவரோ தன் தாயை வீட்டு வேலைக்காரி என்று சொல்லி வாழ்ந்து வந்தவர். முன்னவர் திரையில் நடித்த கதையைப் பின்னவர் வீட்டில் வாழ்ந்து காட்டினார். மறைத்தவருக்குப் புகழும் மறைக்காதவருக்கு வேலையின்மையும் கிடைத்தன.

வெளிநாட்டு சினிமாவில் கறுப்பின நடிகர்களைப் பற்றிப் பேசும்போது சிட்னி பொய்ட்டியரையும் டென்சல் வாஷிங்டனையும் நாம் நினைவுகூருகிறோம். ஆனால் கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடைப்பட்ட நிறத்தோடு பிறந்தவர்கள் அத்திரையில் எவ்வாறு நடத்தப்பட்டனர் என்பது அதிகம் பேசப்படாத வரலாறு. இங்கு நான் எழுத விரும்புவது அந்த வரலாற்றின் ஒரு பகுதியை மட்டுமே. அதில் எமது இலங்கைக்கும் ஒரு சிறு தொடர்பு உண்டு என்பதைப் பின்னர் காண்போம்.

ஒரு துளி விதி

இவ்விடயத்தை விளங்கிக்கொள்ள அமெரிக்காவில் நிலவிய ‘ஒரு துளி’ விதியை முதலில் அறிதல் வேண்டும். ஒருவருடைய முன்னோரில் எவரேனும் ஆபிரிக்க வம்சாவளியினராக இருந்தால், அவரது தோல் எவ்வளவு வெண்மையாயினும் அவர் கறுப்பினத்தவரே என்பது அவ்விதியின் சாரம். 1892இல் லூசியானா மாநிலத்தில் ஹோமர் பிளெசி என்பவர் வெள்ளையருக்கென ஒதுக்கப்பட்ட ரயில் பெட்டியில் ஏறியமர்ந்து கைதானார். அவருடைய இரத்தத்தில் எட்டில் ஒரு பங்கே ஆபிரிக்க இரத்தம் என்று சொல்லப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பிரித்து வைத்தாலும் வசதிகள் சமமாக இருந்தால் போதும் என்று 1896 மே மாதத்தில் தீர்ப்பு வந்தது. அதற்குச் சில வாரங்கள் முன்பு, ஏப்ரலில்தான் எடிசன் நிறுவனத்தின் வைட்டாஸ்கோப் கருவி நியூயோர்க்கின் இசை மண்டபம் ஒன்றில் அசையும் படங்களைப் பொதுமக்களுக்குக் காட்டியிருந்தது. ஆக, அமெரிக்க சினிமாவும் சட்ட அங்கீகாரம் பெற்ற இன ஒதுக்கலும் ஏறத்தாழ ஒரே வயதினை உடையன.

1924இல் வேர்ஜீனியா மாநிலம் இந்த ஒரு துளிக் கருத்தைச் சட்டமாகவே எழுதி வைத்தது. இத்தகைய சட்டங்கள் ஒரு விசித்திரமான நிலையைத் தோற்றுவித்தன. கண்ணுக்கு வெள்ளையராகத் தெரியும் பல்லாயிரம் பேர் சட்டத்தின் முன் கறுப்பர்களாக இருந்தனர். அவர்களிற் சிலர் பிறந்த ஊரை விட்டு நீங்கி, உறவைத் துண்டித்து, வேறொரு நகரத்தில் வெள்ளையராக வாழ்ந்தனர். கறுப்பின மக்களிடையே இதற்கு ‘பாஸிங்’ என்று பெயர். கண்ணுக்குத் தெரியாத ஓர் எல்லையைக் கடந்து அப்பால் போய்விடுதல் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். அவ்வாறு போனவர் தாயின் மரண வீட்டுக்குக்கூடத் திரும்பி வர இயலாது. வந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இந்த மனிதர்களைத் தொடக்ககால சினிமா எவ்வாறு காட்டியது? டி. டபிள்யூ. கிரிஃபித் 1915இல் எடுத்த ‘த பேர்த் ஒஃப் எ நேஷன்’ படத்தில் மிகக் கொடிய வில்லன் ஒரு கலப்பினத்தவன். சூழ்ச்சி செய்யும் வீட்டுப் பணிப்பெண்ணும் கலப்பினத்தவளே. இரு பாத்திரங்களிலும் நடித்தவர்களோ முகத்தில் கருமை பூசிக்கொண்ட வெள்ளையர்கள். இரத்தக் கலப்பே நாட்டின் கேடு என்பது படம் சொன்ன செய்தி. தொழில்நுட்பத்தில் அது ஒரு சாதனை என்பதை இன்றும் திரைப்படப் பாடநூல்கள் எழுதுகின்றன. எழுதட்டும். ஆனால் கூ கிளக்ஸ் கிளான் என்ற கொலைகாரக் கும்பலுக்கு அப்படம் புத்துயிர் ஊட்டியது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

அதற்குப் பதில் சொல்லக் கறுப்பினத்தவரிடையே ஒருவர் இருந்தார். ஒஸ்கார் மிஷோ என்ற அவர் முதலில் விவசாயி, பின்னர் நாவலாசிரியர், அதன் பின்னரே இயக்குநர். 1920இல் அவர் எடுத்த ‘விதின் அவர் கேற்ஸ்’ படத்தின் நாயகி ஒரு கலப்பினப் பெண். வெள்ளை ஆண்கள் கறுப்பினப் பெண்களிடம் நடத்திய அத்துமீறல்களிலிருந்தே அக்கலப்புப் பெரிதும் பிறந்தது என்ற உண்மையை மிஷோ அப்படத்தில் பச்சையாகச் சொன்னார். வெகுகாலம் தொலைந்துபோனதாகக் கருதப்பட்ட அந்த மௌனப் படத்தின் ஒரு பிரதி, பிற்காலத்தில் ஸ்பெயின் நாட்டில் கண்டெடுக்கப்பட்டுப் புதுப்பிக்கப்பட்டது.

முகத்துக்கு மை பூசிய கதை

ஃபிரெடி வாஷிங்டன் 1903இல் ஜோர்ஜியா மாநிலத்தின் சவானா நகரில் பிறந்தவர். பச்சை விழிகளும் வெண்ணிறத் தோலும் கொண்ட அவரை அறியாத எவரும் ஐரோப்பியப் பெண் என்றே நினைப்பர். நடனக் குழுவில் தொழிலைத் தொடங்கி, நாடக மேடைக்கு வந்து, 1929இல் டியூக் எலிங்டனின் இசைக்குழுவோடு ‘பிளாக் அண்ட் டான்’ என்ற குறும்படத்தில் தோன்றினார்.

1933இல் ‘த எம்பரர் ஜோன்ஸ்’ படத்தில் பெரும் கலைஞரான போல் ரொப்சனுடன் நடித்தபோது ஒரு வினோதம் நிகழ்ந்தது. ரொப்சன் ஒரு வெள்ளைப் பெண்ணை அணைப்பது போலத் திரையில் தெரிகிறது என்று தணிக்கை தரப்பு அஞ்சியது. அக்காட்சிகளுக்காக ஃபிரெடியின் முகத்துக்கும் உடலுக்கும் கருமை பூசி மீண்டும் படம் பிடித்தார்கள். கறுப்பினப் பெண் ஒருத்தியைக் ‘கறுப்பினப் பெண்’ ஆக்குவதற்கு ஒப்பனை தேவைப்பட்டது! ஒரு துளி விதியின் அபத்தத்தை இதைவிடத் தெளிவாக எவராலும் எழுதிக் காட்ட இயலாது. சட்டத்தின்படி அவர் கறுப்பர், கமெராவின்படி வெள்ளையர், எனவே ஒப்பனைக் கலைஞரின் கைகொண்டு இரண்டையும் சமன் செய்தார்கள்.

இதன் பின்னணியில் ஹொலிவூட்டின் தயாரிப்புக் கோவை இருந்தது. ஹேய்ஸ் கோவை என்று பரவலாக அறியப்படும் இவ்விதித் தொகுப்பு 1930இல் எழுதப்பட்டு, 1934 நடுப்பகுதியிலிருந்து ஜோசப் பிரீன் என்பவரால் கண்டிப்புடன் நடைமுறைப்படுத்தப்பட்டது. வெள்ளை, கறுப்பு இனங்களுக்கிடையிலான பாலுறவைத் திரையில் சித்திரிக்கலாகாது என்பது அதன் விதிகளுள் ஒன்று. இதன் விளைவு தெளிவானது. வெள்ளைக் கதாநாயகன் காதலிக்கும் பெண் வெள்ளைப் பெண்ணாகவே இருத்தல் வேண்டும். ஃபிரெடி போன்றவர் நாயகியாக முடியாது. பணிப்பெண் வேடத்துக்கோ அவர் ‘போதிய கறுப்பு’ அல்லர்.

இந்நிலையில் வந்ததுதான் ‘இமிட்டேஷன் ஒஃப் லைஃப்’. ஃபானி ஹேர்ஸ்ட் என்ற பெண் எழுத்தாளரின் 1933ஆம் ஆண்டு நாவலைத் தழுவி, ஜோன் ஸ்டால் இயக்கத்தில் யூனிவேர்சல் நிறுவனம் 1934இல் வெளியிட்டது. வெள்ளை விதவை ஒருத்தியும் அவளிடம் பணியாற்ற வரும் டிலைலா என்ற கறுப்பு விதவையும் தத்தம் பெண் குழந்தைகளுடன் ஒரே வீட்டில் வாழ்கிறார்கள். டிலைலாவின் குடும்பத்துப் பான்கேக் பக்குவத்தை வைத்து வெள்ளைப் பெண் பெரும் வணிகம் நடத்திச் செல்வந்தராகிறாள். டிலைலாவின் சிரித்த முகம் விளம்பரப் பலகையில் ஏறுகிறது. ஆனால் அவள் வசிப்பது என்னவோ அதே வீட்டின் கீழ்த்தளத்தில்தான்.

டிலைலாவின் மகள் பியோலா வெள்ளைத் தோற்றமுடையவள். மழைநாளொன்றில் தாய் அவளைத் தேடிப் பாடசாலைக்கு வருகிறாள். இங்கே கறுப்பினக் குழந்தை எவரும் இல்லையே என்கிறார் ஆசிரியை. அடுத்த கணம் வகுப்பிலிருக்கும் தன் மகளைத் தாய் அடையாளம் காட்டிவிடுகிறாள். புத்தகத்தால் முகத்தை மறைத்திருந்த சிறுமி அவமானத்தோடு எழுந்து வருகிறாள். வளர்ந்த பின்னர் பியோலா வெள்ளைப் பெண்ணாக வேலை செய்யும் இடத்துக்குத் தாய் தேடி வரும்போது, இவள் யாரென்றே தெரியாது என்று மகள் சொல்லிவிடுகிறாள். மனமுடைந்த தாய் இறந்துபோகிறாள். சவப்பெட்டியின் மீது விழுந்து மகள் கதறுகிறாள்.

இந்தக் கதைக்கே பிரீனின் அலுவலகம் ஆட்சேபம் தெரிவித்தது. கறுப்புத் தாய்க்கு வெள்ளை மகள் எவ்வாறு வந்தாள் என்று பார்வையாளர் யோசிப்பார்கள் அல்லவா? அந்த யோசனையே தடுக்கப்பட வேண்டிய ஒன்றாக அவர்களுக்குத் தெரிந்தது. எனவே தந்தை வெளிர்நிறக் கறுப்பர் என்று ஒரு வசனத்தைப் படத்தில் வைத்தார்கள். கலப்பு நிகழ்ந்ததற்கான சாட்சி திரையில் நின்று பேசிக்கொண்டிருக்க, கலப்பு நிகழவே இல்லை என்று வசனம் சொல்லிக்கொண்டிருந்தது.

எனினும் ஸ்டால் ஒரு முக்கியமான காரியத்தைச் செய்தார். பியோலாவாக நடிக்க வெள்ளை நடிகை ஒருவரைத் தேடாமல் ஃபிரெடி வாஷிங்டனை அமர்த்தினார். டிலைலாவாக லூயிஸ் பீவர்ஸ் நடித்தார். அவ்வாண்டின் சிறந்த படத்துக்கான ஒஸ்கார் பரிந்துரைப் பட்டியலில் இப்படமும் இடம்பெற்றது.

படத்தைப் பார்த்த கறுப்பின மக்களிற் பலர், பியோலாவின் மனமே ஃபிரெடியின் மனமும் என்று நம்பிக் கோபம் கொண்டனர். தான் கறுப்பினத்தவள் என்பதில் பெருமை கொள்கிறேன் என்று அவர் திரும்பத் திரும்ப விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. வெள்ளைப் பெண்ணாக நடமாடியிருந்தால் அவருக்கு எல்லாக் கதவுகளும் திறந்திருக்கும். அவர் மறுத்தார். 1937இல் வந்த ‘வன் மைல் ஃப்ரொம் ஹெவன்’ படத்தோடு அவரது முழுநீளத் திரைப்பட வாழ்வு முடிந்துபோயிற்று. அப்போது அவருக்கு வயது முப்பத்து மூன்று.

ஆனால் அவர் முடங்கிப் போகவில்லை. அதே 1937இல் கறுப்பின நடிகர் சங்கத்தை நிறுவியவர்களுள் ஒருவரானார். அதன் முதலாவது நிறைவேற்றுச் செயலாளராகவும் பணியாற்றினார். பின்னர் நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதியிலிருந்து வெளிவந்த ‘த பீப்பிள்ஸ் வொய்ஸ்’ வாரப் பத்திரிகையில் நாடகப் பகுதியின் ஆசிரியராகப் பணியாற்றி, மேடையிலும் திரையிலும் கறுப்பினத்தவர் சித்திரிக்கப்பட்ட விதத்தைக் கண்டித்து எழுதினார். பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டுகளைக் கழித்தவன் என்ற வகையில், அவரது வாழ்வின் இந்தப் பகுதியே என்னைப் பெரிதும் கவர்வது. பேச இடம் மறுக்கப்பட்டவர் எழுத இடம் தேடிக்கொண்டார். 1994இல், தொண்ணூறாவது வயதில் அவர் காலமானார்.

பம்பாயில் பிறந்த ‘டாஸ்மேனியப் பெண்’

இனி மேர்ள் ஓபரோனிடம் வருவோம். 1939இல் வெளிவந்த ‘வதரிங் ஹைட்ஸ்’ படத்தில் லோரன்ஸ் ஒலிவியேயுடன் நடித்த அந்த அழகியை மூத்த தலைமுறை ரசிகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அவுஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில், ஹோபார்ட் நகரில் பிறந்தவர் என்றும், ஆவணங்கள் தீயில் அழிந்துவிட்டன என்றும் அவரைப் பற்றி உலகம் நம்ப வைக்கப்பட்டது.

உண்மையில் அவர் 1911இல் பம்பாயில் பிறந்தவர். எஸ்டல் மேர்ள் என்பது பெயர். ‘குவீனி’ என்பது செல்லப் பெயர். அவரை வளர்த்த சார்லட் செல்பி என்ற பெண்மணி இலங்கையைச் சேர்ந்த யூரேசியர். ஐரோப்பிய இரத்தமும் கீழைத்தேய இரத்தமும் கலந்த குடும்பங்களை எமது நாட்டில் நன்கறிவோம். பறங்கியர் என்ற பெயர் எமது நாவிலே இயல்பாக வரும். அத்தகைய கலப்பு மரபொன்றின் பெண்தான் ஹொலிவூட்டின் உச்சிக்குப் போனார் என்பதை அக்காலத்து இலங்கை வாசகர் அறிந்திருக்க நியாயமில்லை.

கதை இத்துடன் முடியவில்லை. சார்லட்டைத் தாயென்றும், சார்லட்டின் மகளான கொன்ஸ்டன்ஸைத் தன் தமக்கை என்றும் கருதி மேர்ள் வளர்ந்தார். பிற்காலத்தில் வெளிவந்த பிறப்புப் பதிவோ, பதின்ம வயதை எட்டியும் எட்டாத சிறுமியாயிருந்த கொன்ஸ்டன்ஸே பெற்ற தாய் என்று சொல்கிறது. தாயென்று நம்பப்பட்டவர் பாட்டி. தமக்கை என்று நம்பப்பட்டவர் தாய். அச்சிறுமிக்கு நேர்ந்தது என்ன என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. ஒரு குடும்பத்தின் வடுவை மறைக்க சார்லட் தன் பெயரைக் கொடுத்தார் என்பதே நாம் மனதிற்கொள்ள வேண்டியது.

கல்கத்தாவில் வளர்ந்த காலத்தில் பாடசாலையிலேயே கலப்பினத்தவள் என்ற ஏளனத்தை மேர்ள் அனுபவித்தார். இருபதுகளின் இறுதியில் ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். லண்டனில் தயாரிப்பாளர் அலெக்சாண்டர் கோர்டாவின் பார்வையில் பட்டு, 1933இல் ‘த பிரைவேட் லைஃப் ஒஃப் ஹென்றி த எய்ட்’ படத்தில் அரசி ஆன் பொலினாகத் தோன்றினார். டாஸ்மேனியக் கதை அக்காலத்தில் கட்டப்பட்டதுதான். பம்பாயிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் டாஸ்மேனியா எவ்வளவு தூரம் என்பதே அக்கதையின் பலம். அங்கு போய்ச் சரிபார்க்க எவரும் முனையவில்லை.

உடன் வந்து வாழ்ந்த சார்லட்டின் நிறம் மட்டும் அக்கதைக்கு இடையூறாக நின்றது. வீட்டுக்கு விருந்தினர் வந்தால் அவர் பணிப்பெண்ணாகிவிடுவார். தன்னை வளர்த்தெடுத்தவரை வேலைக்காரியென மகள் அறிமுகம் செய்ய, அவரும் அந்த வேடத்தை ஏற்றுக்கொண்டார். 1937இல் சார்லட் காலமானார். பல ஆண்டுகள் கழித்து, பழைய புகைப்படமொன்றைக் கொண்டு தாயின் உருவப்படத்தை மேர்ள் தீட்டுவித்தார் என்றும், அதில் தோலின் நிறத்தை வெளுப்பாக்கும்படி ஓவியரிடம் கேட்டுக்கொண்டார் என்றும் அவரது வாழ்க்கையை எழுதியோர் பதிவு செய்துள்ளனர்.

‘வதரிங் ஹைட்ஸ்’ விடயத்தில் இன்னொரு முரணையும் சொல்ல வேண்டும். எமிலி புரொண்டேயின் மூல நாவலில் நாயகன் ஹீத்கிளிஃப் கருநிறத்தவன். எங்கிருந்து வந்தான் என்று எவருக்கும் தெரியாத அநாதை. 1939ஆம் ஆண்டுப் படத்தில் அவனாக வெள்ளையரான ஒலிவியே நடித்தார். அவன் காதலிக்கும் வெள்ளைச் சீமாட்டியாக, ஆசிய இரத்தம் ஓடிய மேர்ள் நடித்தார். எவருக்கும் எதுவும் உறுத்தவில்லை. ஹீத்கிளிஃபாகக் கறுப்பின நடிகர் தோன்றுவதற்கு, ஆண்ட்ரியா ஆர்னல்ட் 2011இல் எடுத்த படம் வரை ரசிகர்கள் காத்திருக்க வேண்டியிருந்தது.

1978இல் மேர்ளுக்கு ஹோபார்ட் நகரத்தில் வரவேற்பு அளிக்கப்பட்டது. தான் பிறக்காத ஊரின் மகளாக மாலை மரியாதையைப் பெற்றுக்கொண்டு, மறு ஆண்டில் அவர் காலமானார். 1983இல் வெளியான வாழ்க்கை வரலாற்று நூல் ஒன்றே உண்மையைப் பரவலாக உலகறியச் செய்தது. 2023இல் மலேசியாவில் பிறந்த மிஷேல் யோ சிறந்த நடிகைக்கான ஒஸ்கார் விருதை வென்றபோது, அவ்வரிசையில் முதலாவதாகப் பரிந்துரைக்கப்பட்ட ஆசிய மரபினர் 1935ஆம் ஆண்டுப் படத்துக்கான மேர்ளே என்று பத்திரிகைகள் எழுதின. வாழ்நாள் முழுவதும் எந்த அடையாளத்தை மறைத்தாரோ அந்த அடையாளத்தின் பெயராலேயே இறந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அவர் நினைவுகூரப்பட்டார்.

வெள்ளை நடிகையருக்கு வழங்கப்பட்ட வேடம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஹொலிவூட் இன விவகாரத்தைத் துணிந்து பேசத் தொடங்கியது என்பர். 1949இல் ‘பிங்கி’, ‘லொஸ்ட் பவுண்டரீஸ்’ ஆகிய இரு படங்கள் வெளிவந்தன. இரண்டுமே வெள்ளையராகக் கடந்து வாழ்ந்த கறுப்பினத்தவரைப் பற்றியவை. முதலாவதில் ஜீன் கிரெயினும் இரண்டாவதில் மெல் ஃபெரரும் அப்பாத்திரங்களை ஏற்றனர். இருவருமே வெள்ளையர். பியோலாவாக ஃபிரெடியை நடிக்க வைத்த 1934இலிருந்து இது பின்னோக்கிய நகர்வேயன்றி முன்னேற்றமல்ல.

காரணம் தெளிவு. பிங்கிக்கு ஒரு வெள்ளைக் காதலன் உண்டு. அவனை அவள் முத்தமிட வேண்டும். நடிகை வெள்ளையராக இருந்தால், கதையில் கலப்பு இருந்தாலும் படப்பிடிப்புத் தளத்தில் கலப்பு இல்லை. ஆயினும் டெக்சாஸ் மாநிலத்தின் மார்ஷல் நகரில் ‘பிங்கி’ தடை செய்யப்பட்டது. தடையை மீறித் திரையிட்டவர் தண்டிக்கப்பட்டார். 1952இல் உச்ச நீதிமன்றம் அத்தண்டனையை நீக்கியமை தணிக்கைக்கு எதிரான சட்டப் போராட்டத்தில் ஒரு மைல்கல்.

இக்காலத்தின் பெரும் பலி லீனா ஹோர்ன். 1942இல் எம்.ஜி.எம். நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது. ஹொலிவூட்டில் கறுப்பினத்தவருக்குக் கண்ணியமான வேடங்கள் வேண்டுமென அந்நாட்களில் வற்புறுத்தி வந்தவர், கறுப்பின மக்களின் முன்னேற்றச் சங்கத்தின் தலைவர்களுள் ஒருவரான வோல்டர் வைட். நீல விழியும் பொன்னிறத் தலைமுடியும் கொண்ட அவரும் ஒரு துளி விதியின்படி கறுப்பரே. கும்பல் கொலைகள் நடந்த தென்மாநிலக் கிராமங்களுக்கு வெள்ளையராகப் பாவனை செய்து போய், கொலைகாரர்களிடமே விவரம் சேகரித்து வந்து அம்பலப்படுத்தியவர் அவர். கடந்துபோதல் என்பது எப்போதும் சுயநலத்துக்காக மட்டுமே நிகழ்ந்தது அல்ல என்பதற்கு அவர் சான்று.

எம்.ஜி.எம். படங்களில் லீனா பெரும்பாலும் தூணில் சாய்ந்து ஒரு பாடலைப் பாடிவிட்டுப் போவார். கதையோடு ஒட்டாதவாறு அப்பாடல்கள் அமைக்கப்பட்டன. தென்மாநிலத் திரையரங்குகள் அவற்றை வெட்டி எறிந்தாலும் கதை குலையாதிருக்க வேண்டும் என்பதே ஏற்பாடு. அவரது நிறத்துக்கென ‘லைட் ஈஜிப்ஷியன்’ என்ற ஒப்பனைக் கலவை உருவாக்கப்பட்டதாகவும், பின்னர் அதையே பூசிக்கொண்டு வெள்ளை நடிகையர் கலப்பினப் பெண் வேடங்களை ஏற்றதாகவும் அவர் கசப்போடு நினைவுகூர்ந்ததுண்டு. ‘ஷோ போட்’ கதையில் வரும் ஜூலி என்ற கலப்பினப் பாடகியின் வேடத்தை அவர் பெரிதும் விரும்பினார். 1946இல் வேறொரு படத்தில் இடம்பெற்ற ஒரு சிறு பகுதியில் ஜூலியாகப் பாடியும் காட்டினார். 1951இல் முழுப் படமாக எடுத்தபோது வேடம் ஏவா கார்ட்னருக்குப் போயிற்று. படத்தில் கார்ட்னருக்காக வேறொருவர் பாடினார். பாடத் தெரிந்தவரை ஒதுக்கி, பாடாதவருக்கு இரவல் குரலும் இரவல் நிறமும் கொடுத்தார்கள்.

1959இல் டக்ளஸ் சேர்க் ‘இமிட்டேஷன் ஒஃப் லைஃப்’ கதையை மீண்டும் எடுத்தார். மகளாக நடித்த சூசன் கோனரின் தாய் மெக்சிக்கோ நடிகை லூபிட்டா டோவார். தந்தை ஐரோப்பிய யூதர். கறுப்பின இரத்தம் எதுவும் இல்லை. தாயாக நடித்தவர் ஜுவனிட்டா மூர். இருவருக்கும் துணை நடிகைக்கான ஒஸ்கார் பரிந்துரை கிடைத்தது. மகளின் உண்மையை அறிந்த வெள்ளைக் காதலன் தெருவோரத்தில் அவளை அடித்து வீழ்த்தும் காட்சியும், மஹாலியா ஜாக்சன் பாடும் இறுதிச் சடங்கும் இன்றும் பார்ப்போரை உலுக்கக்கூடியவை. கலை என்ற அளவில் இது முந்தைய படத்தைவிட உயர்ந்தது என்பது பல விமர்சகரின் முடிவு. எனக்கோ ஃபிரெடியின் கண்களில் தெரிந்த அந்தக் கோபம் பின்னைய படத்தில் கிடைக்கவில்லை. கதறலை நடிக்கலாம், சட்டத்தின் மீதுள்ள கோபத்தை நடிப்பது கடினம்.

சட்டம் விலகியபின்

கலப்புறவுத் தடை 1956இல் தயாரிப்புக் கோவையிலிருந்து நீங்கியது. சட்டப் புத்தகத்திலிருந்து நீங்க மேலும் பதினோரு ஆண்டுகள் ஆயின. வேர்ஜீனியாவைச் சேர்ந்த ரிச்சர்ட் லவ்விங், மில்ட்ரெட் தம்பதியர் 1958இல் மணம் செய்த குற்றத்துக்காகப் படுக்கையறையில் கைது செய்யப்பட்டுப் பின்னர் மாநிலத்தை விட்டே வெளியேற நேர்ந்தது. அவர்களது வழக்கில் 1967 ஜூன் 12ஆம் திகதி உச்ச நீதிமன்றம் கலப்பு மணத் தடைச் சட்டங்கள் யாவும் செல்லாதவை என்று தீர்ப்பளித்தது. அவ்வாண்டு டிசம்பரில்தான் சிட்னி பொய்ட்டியர் நடித்த ‘கெஸ் ஹூ’ஸ் கமிங் டு டின்னர்’ வெளியாயிற்று. துணிச்சலான படம் என்று அது புகழப்பட்டது. ஆனால் நீதிமன்றம் அப்படத்தை முந்திக்கொண்டது என்பதே உண்மை.

2002இல் ஹாலி பெரி சிறந்த நடிகைக்கான ஒஸ்கார் விருதைப் பெற்றார். அவ்விருதைப் பெற்ற முதலாவது கறுப்பினப் பெண் அவர். அவரது தாய் வெள்ளையர். மேடையில் கண்ணீர் மல்கப் பேசியபோது டொரதி டாண்ட்ரிட்ஜ், லீனா ஹோர்ன் முதலானோரின் பெயர்களை அவர் நினைவுகூர்ந்தார். 2016இல் லவ்விங் தம்பதியரின் கதை படமானபோது மில்ட்ரெட்டாக நடித்தவர் ரூத் நெகா. எத்தியோப்பியத் தந்தைக்கும் அயர்லாந்துத் தாய்க்கும் பிறந்தவர். கலப்பினத்தவரின் வேடம் ஒருவழியாகக் கலப்பினத்தவரின் கைக்கு வந்தது.

அதே ரூத் நெகா 2021இல் ‘பாஸிங்’ என்ற படத்தில் வெள்ளைப் பெண்ணாக வாழும் கிளேயர் என்பவளாக நடித்தார். நெல்லா லார்சன் 1929இல் எழுதிய நாவல் அதன் மூலம். இயக்கிய ரெபெக்கா ஹோல் ஓர் ஆங்கில நடிகை, பார்ப்பதற்கு வெள்ளையர். அவரது தாய்வழிப் பாட்டனார் டெட்ராய்ட் நகரில் வெள்ளையராகக் கடந்து வாழ்ந்த கறுப்பினத்தவர். குடும்பத்தில் எவரும் வாய்விட்டுப் பேசாத அந்த இரகசியத்தைப் புரிந்துகொள்ள இந்நாவல் தமக்கு உதவியது என்று ஹோல் சொல்லியிருக்கிறார். படத்தைக் கறுப்பு வெள்ளையிலேயே எடுத்தார். கறுப்பு வெள்ளைப் படத்தில் உண்மையில் கறுப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை. இருப்பது சாம்பல் நிறத்தின் பல படிகளே. ஒரு துளி விதி ஏற்க மறுத்த உண்மையும் இதுதான்.

இவ்வரலாற்றைப் படிப்போர் ஃபிரெடியை வீராங்கனை என்றும் மேர்ளைத் துரோகி என்றும் தீர்த்துவிட எண்ணக்கூடும். நான் அவ்வாறு எழுதமாட்டேன். மேர்ள் உண்மையைச் சொல்லியிருந்தால் அக்காலத்து ஹொலிவூட்டில் அவருக்கு ஒரு நாயகி வேடமும் கிடைத்திராது. ஃபிரெடிக்கு நேர்ந்தது அதற்கு அத்தாட்சி. தாயா, தொழிலா என்று தெரிவு செய்யுமாறு ஒரு பெண்ணை நிறுத்தி வைத்த ஏற்பாட்டையே முதலில் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டும்.

ஆனால் அந்த ஏற்பாட்டின் விலையை மகள்மார் மட்டும் செலுத்தவில்லை. பியோலாவின் தாய்க்கு நாவலாசிரியர் ஒரு பெயரும் பெரும் மரண ஊர்வலமும் கொடுத்தார். 1959இல் மஹாலியா ஜாக்சனின் பாடலும் சேர்ந்தது. பார்த்தவரெல்லாம் அழுதனர். எமது தீவிலிருந்து கிளம்பி, பம்பாய், கல்கத்தா, லண்டன் என அலைந்து, தன் மகளுடைய குழந்தைக்குத் தாயாகி, பின்னர் அக்குழந்தையின் வீட்டிலேயே வேலைக்காரியாக நின்ற சார்லட் செல்பிக்கு அத்தகைய காட்சி எதுவும் எழுதப்படவில்லை. அவர் பேசிய ஒரு வார்த்தையும் சினிமா வரலாற்றில் இல்லை. எஞ்சியிருப்பது வெளுப்பாக்கப்பட்ட ஓர் ஓவியத்தின் கதை மட்டுமே.